வாட்ச்சைப் பிரித்த சிறுவன், வீட்டிலேயே ரிப்பேர் பார்க்க ஒரு காரைக் கொடுத்த கதை: யார் இந்த ஹென்றி ஃபோர்டு?

கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் திடீரென்று ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ன செய்வோம்? முதலில் மொபைலை எடுத்துத் தேடுவோம். அடுத்து சர்வீஸ் சென்டருக்கு போன் போடுவோம். பானெட்டைத் திறந்து பார்க்கலாம் என்று ஆசை வந்தாலும், உள்ளே ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். பார்த்துவிட்டு மறுபடியும் மூடிவிடுவோம். அவ்வளவுதான்.

ஆனா, வீட்டில் அப்பாவிடமோ தாத்தாவிடமோ அவங்க ஓட்டின பழைய வண்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கார்புரேட்டரை ஊதிச் சரிசெய்தது, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் போட்டது, நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்தது என்று அரை மணி நேரம் பேசுவார்கள். வண்டி ஒழுங்காக ஓடிய நாளைவிட, பாதி வழியில் நின்ற நாளைத்தான் ரொம்ப ஆசையாகச் சொல்வார்கள்.

சொந்தக்காரர் கையாலேயே சரிசெய்துகொள்ளும் கார் என்ற விஷயத்தை லட்சக்கணக்கான சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி ஃபோர்டு. மறைமலைநகர் தொழிற்சாலை மூலமாக நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான். அசெம்பிளி லைன், மலிவு விலை கார் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அவர் அடிப்படையில் ஒரு ரிப்பேர்காரர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய பெருமை, சறுக்கல் இரண்டுமே அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வாட்ச்சில் தொடங்கிய ஆர்வம்

1863 ஜூலை 30. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஹென்றி. அப்பா வில்லியம், அயர்லாந்திலிருந்து குடியேறியவர். மூத்த மகன் பண்ணையைப் பார்த்துக்கொள்வான் என்பது அவருடைய கணக்கு. மகனுக்கோ பண்ணை வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை.

1876இல் அம்மா மேரி இறந்தபோது ஹென்றிக்கு வயது 12தான். அதே வருடம் இரண்டு விஷயங்கள் நடந்தன. கைக்கு ஒரு பாக்கெட் வாட்ச் கிடைத்தது. அதைப் பிரித்துப் பார்த்து, திரும்பவும் மாட்டி ஓடவைத்தார். பிறகு, அப்பாவோடு வண்டியில் போகும்போது, குதிரை இல்லாமல் தானாகச் சாலையில் நகர்ந்து வந்த ஒரு நீராவி இன்ஜினைப் பார்த்தார். அந்தக் காட்சி கடைசிவரை அவர் மனதைவிட்டுப் போகவில்லை.

15 வயதுக்குள் அக்கம்பக்கத்து வீடுகளின் வாட்ச்களை எல்லாம் ரிப்பேர் செய்யும் பையன் என்று பெயர் வாங்கிவிட்டார். 1879இல் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய் மெஷின் ஷாப்பில் தொழில் பழகினார். பின்னால் நீராவி இன்ஜின்களைச் சரிசெய்யும் வேலையும் பார்த்தார். பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் அவருடைய படிப்பு.

சமையலறையில் ஓடிய இன்ஜின்

1888இல் கிளாரா பிரையன்ட்டைத் திருமணம் செய்துகொண்டார். 1891இல் டெட்ராய்ட்டில் எடிசன் பெயரில் இயங்கிய மின்சார நிறுவனத்தில் இன்ஜினீயர் வேலை கிடைத்தது. பகலில் மின் நிலையம், ராத்திரியில் சொந்த ஆராய்ச்சி.

1893 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. கிளாரா மறுநாள் விருந்துக்கான சமையல் வேலையில் இருக்கிறார். ஒன்றரை மாதக் குழந்தை எட்செல் பக்கத்து அறையில் தூங்குகிறது. ஹென்றி ஒரு சின்ன இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை சிங்க்கில் பொருத்துகிறார். பழைய குழாய்த் துண்டுதான் சிலிண்டர். தீப்பொறிக்கு வீட்டு மின்சாரம். கிளாரா பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற, ஹென்றி சக்கரத்தைச் சுற்ற, இன்ஜின் ஓடியது. மறுநாள் விருந்து இருக்கும் வீட்டில் இதற்குச் சம்மதித்த கிளாராவின் பொறுமையையும் பாராட்டத்தான் வேண்டும்.

இரண்டரை வருடம் கழித்து, 1896 ஜூன் 4 அதிகாலையில், வீட்டுக்குப் பின்னால் இருந்த செங்கல் கொட்டகையில் அவருடைய முதல் வண்டி தயாரானது. பெயர் குவாட்ரிசைக்கிள். சைக்கிள் சக்கரங்கள் நான்கு, இரண்டு கியர், ரிவர்ஸ் கிடையாது. வெளியே எடுக்கும்போதுதான் வண்டி கதவைவிட அகலம் என்பது தெரிந்தது. ஹென்றி யோசிக்கவே இல்லை. கோடாலியை எடுத்துச் சுவரை இடித்துவிட்டார்! அவருடைய நண்பர் ஒருவர் சைக்கிளில் முன்னால் போய் வழியில் இருப்பவர்களை எச்சரிக்க, வண்டி டெட்ராய்ட் தெருவில் ஓடியது.

அந்த வண்டியை 200 டாலருக்கு விற்றார். சில வருடங்கள் கழித்து, வசதி வந்ததும், அதைத் தேடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார். முதல் வண்டி மீதான பாசம் அவரையும் விடவில்லை.

இரண்டு தோல்வி, ஒரு ரேஸ்

எடுத்த எடுப்பில் வெற்றி வரவில்லை. 1899இல் தொடங்கிய முதல் கம்பெனி 1901 தொடக்கத்திலேயே மூடப்பட்டது. அதே வருடம் அக்டோபரில், அன்றைய பிரபல கார் தயாரிப்பாளரான அலெக்சாண்டர் விண்டனோடு ஒரு ரேஸில் இறங்கினார். முன்னால் போய்க்கொண்டிருந்த விண்டனின் கார் பாதியில் சூடாகித் திணற, ஃபோர்டு ஜெயித்தார். அந்தப் பெயரை வைத்து முதலீட்டாளர்கள் வந்தார்கள், இரண்டாவது கம்பெனி உருவானது. அவர்களோடும் ஒத்துப்போகவில்லை. 1902இல் வெளியேறினார். அவர் விட்டுவந்த அந்தக் கம்பெனிதான் பிறகு காடிலாக் ஆனது. மூன்றாவது முயற்சி, 1903 ஜூன் 16இல் தொடங்கிய ஃபோர்டு மோட்டார் கம்பெனி.

மாடல் டி-யை வீட்டிலேயே எப்படிச் சரிசெய்தார்கள்?

1908 அக்டோபர் 1இல் அறிமுகமானது மாடல் டி. ஐந்து பேர் போகிற மாடலின் விலை 850 டாலர். 4 சிலிண்டர், 20 குதிரைத்திறன். அன்றைய அமெரிக்கக் கிராமங்களில் தார் ரோடும் கிடையாது, மெக்கானிக் ஷாப்பும் கிடையாது. வாங்கப்போவது விவசாயி. வண்டி சேற்றில் ஓட வேண்டும், கெட்டுப்போனால் அவரே சரிசெய்ய வேண்டும். பண்ணையில் வளர்ந்த ஃபோர்டுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் என்ன செய்தார்?

சிலிண்டர் ஹெட்டைத் தனியாகக் கழற்றும்படி வடிவமைத்தார். உள்ளே படிந்த கரியைச் சுரண்டவோ வால்வைத் தேய்க்கவோ, போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். எரிபொருள் பம்ப்பே கிடையாது. டேங்க்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கிவரும். இல்லாத பாகம் கெட்டுப்போகாது, இல்லையா? பாகங்கள் எல்லாம் ஒரே அளவில் செய்யப்பட்டதால், புதிதாக வாங்குவதை ராவி, தட்டிப் பொருத்தத் தேவையில்லை. கூடவே கொடுத்த கையேடு கேள்வி-பதில் வடிவில் இருந்தது. இன்றைய எக்ஸ்ப்ளெய்னர் மாதிரியேதான்!

சொந்தக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைக் கழற்றி, பெல்ட் மாட்டி, அதே காரை வைத்து மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். ரேடியேட்டர் ஒழுகினால் முட்டையை உடைத்து ஊற்றி ஓட்டையை அடைத்த வீட்டு வைத்தியம்கூட உண்டு.

இவ்வளவு தொல்லையிலும் எப்படிப் பாசம் வந்தது?

மாடல் டி ஒன்றும் சமர்த்துப் பிள்ளை இல்லை. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கைப்பிடி எதிர்த்திசையில் உதறினால் மணிக்கட்டு உடையும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு குச்சியை டேங்க்கில் விட வேண்டும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் இறங்காது. உடனே வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏறுவார்கள். பின்னாளில் வந்த மின்சார முகப்பு விளக்கோ, இன்ஜின் மெதுவாக ஓடினால் மங்கிவிடும்.

மக்கள் அதற்கு 'டின் லிஸ்ஸி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அதைக் கிண்டலடிக்கும் ஜோக் புத்தகங்கள் தனியாக விற்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம் இருந்தது. எங்கே தட்டினால் கிளம்பும் என்பது சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். நம்ம வீட்டுப் பெரியவர்கள் பழைய வண்டியைப் பற்றிப் பேசும்போதும் இதே தொனி இருக்கும். கை அழுக்காகி, தானே சரிசெய்த பொருளோடு வருகிற உறவு அது.

தொழிற்சாலைக்குள் நடந்த முரண்

இங்கேதான் கதை திரும்புகிறது. 1913இல் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு சேஸிஸை இணைக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, 93 நிமிடமாகக் குறைந்தது. கார் விலையும் இறங்கிக்கொண்டே வந்து, 1925இல் மிகக் குறைந்த விலை மாடல் 260 டாலருக்குக் கிடைத்தது.

ஆனால், அந்த காரைச் செய்தவர்களுக்கு? ஒருவர் நாள் முழுக்க ஒரே நட்டை முடுக்குவார். அடுத்தவர் ஒரே போல்ட்டை மாட்டுவார். முழு வண்டி எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வாட்ச்சைப் பிரித்து முழுசாகப் புரிந்துகொண்டு வளர்ந்த மனிதர், எதையும் முழுசாகப் புரிந்துகொள்ளத் தேவையில்லாத ஒரு வேலையை உருவாக்கினார். ஆட்கள் தாங்க முடியாமல் ஓடினார்கள். 1913இல் சுமார் 14 ஆயிரம் பேர் வேலை பார்க்க, வருடம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுக்கவேண்டியிருந்தது.

1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு 5 டாலர், 8 மணி நேர வேலை என்று அறிவித்தார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளம். வேலை கேட்டு வாசலில் கூட்டம் அலைமோதியது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. தொழிலாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பி, குடிக்கிறாரா, ஒழுங்காகச் சேமிக்கிறாரா என்று விசாரித்தார்கள்.

பிடிவாதம் தந்த விலை

1912இல் ஃபோர்டு ஐரோப்பா போயிருந்தபோது, அவருடைய இன்ஜினீயர்கள் மாடல் டி-யை மேம்படுத்தி ஒரு புது வண்டி செய்து வைத்தார்கள். திரும்பிவந்து பார்த்தவர், கதவைக் கையாலேயே பிய்த்து, கண்ணாடியை உடைத்து அதைச் சிதைத்துவிட்டார். தன் காரில் குறையே இல்லை என்பது அவர் நம்பிக்கை.

காலம் மாறியது. ரோடு நன்றானது, மெக்கானிக் ஷாப்புகள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் புதுப்புது நிறங்கள், வருடத்துக்கு ஒரு மாடல், தவணை முறை என்று இறங்கியது. ரிப்பேர் பார்க்க எளிது என்பதைவிட, ரிப்பேரே பார்க்க வேண்டாம் என்பதையே மக்கள் விரும்பினார்கள். மாற்றச் சொன்ன மகன் எட்செல் பேச்சையும் அவர் வெகுநாள் கேட்கவில்லை. 1927 மே மாதம், ஒன்றரைக் கோடி வண்டிகளுக்குப் பிறகு, மாடல் டி நிறுத்தப்பட்டது.

மறைக்கக் கூடாத பக்கம்

ஃபோர்டின் வாழ்க்கையை கார் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. 1920 முதல் தன் சொந்தப் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிரான அவதூறுக் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டார். வழக்கு வந்தபின் 1927இல் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் 1938இல் ஹிட்லர் அரசு கொடுத்த விருதை வாங்கிக்கொண்டார். தொழிற்சங்கத்தை அடியாட்கள் வைத்து ஒடுக்கினார். 1937இல் சங்கத்தினர் தொழிற்சாலை வாசலில் தாக்கப்பட்டார்கள். 1941 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சங்கத்தை ஏற்றார்.

கடைசிக் காலம்

உலகத்தையே வேகமாக்கிய மனிதர், வயதான காலத்தில் பழையதைத் தேடிப் போனார். பிறந்த வீட்டைப் புதுப்பித்தார். டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை உருவாக்கி, ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை உட்படப் பல பழைய கட்டடங்களைக் கொண்டுவந்து வைத்தார். சுவரை இடித்த அந்தச் செங்கல் கொட்டகையையும் அங்கே மறுபடி கட்டினார்.

1943இல் எட்செல் அவருக்கு முன்பே இறந்துபோனார். 1947 ஏப்ரல் 7. ஆற்று வெள்ளத்தால் ஃபோர்டின் வீட்டில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. மின்சார நிறுவனத்தில் தலைமை இன்ஜினீயராக இருந்தவர், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தன் 83வது வயதில் காலமானார். அவர் பிறந்தபோதும் அந்த ஊரில் மின்விளக்கு கிடையாது.

சரி, இதில் நமக்கு என்ன இருக்கிறது?

இன்றைய கார்கள் மாடல் டி-யைவிடப் பல மடங்கு பாதுகாப்பானவை, புகை குறைவு, வழியில் நிற்பதும் அபூர்வம். அதற்குப் பதிலாக, திறந்து பார்க்கும் உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டோம். அதனால்தான் 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்ற பேச்சு உலகம் முழுக்க எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்தே கார்களுக்கு இந்த உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். இந்தியாவிலும் மத்திய அரசு 2022 டிசம்பரில் இதற்காகத் தனி இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் அடக்கம்.

இன்ஜினைப் பிரிக்கச் சொல்லவில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுவது, வைப்பர் மாற்றுவது, டயர் காற்றுப் பார்ப்பது, இன்ஜின் ஆறியபின் கூலன்ட் அளவு பார்ப்பது எல்லாம் இன்றும் நம் கைக்குள் இருக்கும் வேலைகள். எப்படி என்று உங்கள் காரின் குளோவ் பாக்ஸில் பிரிக்கப்படாமல் கிடக்கும் கையேட்டில் போட்டிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துப் பிரியுங்கள். முடிந்தால் பக்கத்தில் அப்பாவையும் உட்காரவையுங்கள். பழைய வண்டிக் கதை ஒன்று கட்டாயம் வரும்.