முன்பின் தெரியாதவரின் கருவிழியை நம்ம கண் ஏற்பது எப்படி? முயல்களிடம் விடை தேடிய பீட்டர் மெடவார்!

ஸ்ரீரங்கத்தில் ஒருவர் இறந்ததும் குடும்பத்தினர் கண் தானத்துக்கு சம்மதித்தால், சுமார் 6 மணி நேரத்துக்குள் கருவிழிகளை எடுக்க வேண்டும். அவை காவிரிப் பாலம் தாண்டி, திருச்சியில் இருக்கும் யாரோ ஒருவருக்குப் பார்வை தரலாம். சிறுநீரக மாற்று போல ரத்த வகை, திசுப் பொருத்தம் எல்லாம் இதற்குப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கான விடையில் முக்கியப் பங்கு பீட்டர் மெடவாருக்கு உண்டு.

யார் இவர்?

1915 பிப்ரவரி 28ஆம் தேதி பிரேசிலில் பிறந்தவர். அப்பா லெபனானைச் சேர்ந்தவர், அம்மா இங்கிலாந்துக்காரர். மெடவார் டாக்டர் இல்லை. ஆக்ஸ்போர்டில் விலங்கியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டினால், சில நாட்களில் அது அழிந்து உதிர்ந்துவிடும். காரணம் தேடினார் மெடவார். அதே நபரின் தோலை இரண்டாவது முறை ஒட்டினால் இன்னும் சீக்கிரமாக உதிர்வதை, 1943இல் கிப்சன் என்ற அறுவை சிகிச்சை நிபுணருடன் சேர்ந்து காட்டினார். அப்படின்னா உடம்பு அந்நியத் திசுவை நினைவில் வைத்து எதிர்க்கிறது! முயல்களிலும் இதே முடிவுதான் கிடைத்தது.

கண்ணில் மட்டும் என்ன விசேஷம்?

1948இல் மெடவார் முயலின் கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால், வேறு முயலின் தோல் துண்டுகளை வைத்துப் பார்த்தார். ரத்தக் குழாய் எட்டாத துண்டுகள் பிழைத்தன. எட்டியவை அழிந்தன. நம் கருவிழியிலும் ரத்தக் குழாய்கள் கிடையாது. எதிர்ப்பு அணுக்கள் அங்கே எளிதில் போக முடியாததற்கு இது ஒரு முக்கிய காரணம். அதே 1948இல்தான் சென்னையில் டாக்டர் முத்தையா இந்தியாவின் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று சிகிச்சையைச் செய்தார்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுமையானது அல்ல. கருவிழி பொருத்திய முயலுக்கு அதே தானமுயலின் தோலையும் ஒட்டினால், தெளிவாக இருந்த கருவிழி மங்கிப்போகும் என்று 1951இல் அமெரிக்கக் கண் மருத்துவர் மௌமினி காட்டினார்.

எதிர்ப்பைத் தடுக்க முடியுமா?

முடியும் என்று 1953இல் மெடவார் குழு நிரூபித்தது. கருவில் இருக்கும் எலிக்கு வேறு இன எலியின் செல்களைச் செலுத்தினார்கள். வளர்ந்த பிறகு அந்த இனத்தின் தோலை அது ஏற்றுக்கொண்டது. இதற்காக 1960இல் பர்னெட்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1969இல் பக்கவாதம் தாக்கிய பிறகும் ஆய்வையும் எழுத்தையும் அவர் விடவில்லை. 1987 அக்டோபர் 2ஆம் தேதி காலமானார்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது என்ன?

கருவில் செய்த அந்த முறையை மனிதர்களுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. அதனால்தான் இன்றும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. பார்வை தெளிவாகிடுச்சே என்று மருந்தை நீங்களாகவே நிறுத்தினால், உடல் புதிய கருவிழியை நிராகரிக்கும் ஆபத்து கூடும். கண் சிவப்பது, வலி, வெளிச்சம் பட்டால் கூசுவது, பார்வை மங்குவது இதெல்லாம் அறிகுறிகள். மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட இவை வரலாம். அன்றைக்கே டாக்டரிடம் போனால், பெரும்பாலும் கருவிழியைக் காப்பாற்றிவிடலாம்.