அச்சம் துறந்த நாவரசர்

தமிழகத்தில் பக்தி இயக்கம் தழைத்து வளர்ந்த காலம் 7ஆம் நூற்றாண்டு. அரசன் தழுவிய சமயம் செல்வாக்குப் பெற்றிருந்த அந்நாளில், அவனது ஆணையை மறுத்து நிற்பது உயிரை இழக்கத் துணிவதற்கு ஒப்பாகும். அவ்வாறு துணிந்து நின்றவர் திருநாவுக்கரசர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவரது வாழ்வை விரித்துரைக்கிறது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். இளமையிலேயே அவர் தாய் தந்தையரை இழந்தார். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார்.

அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகள் மருணீக்கியாருக்கு உலகின் நிலையாமையை உணர்த்தின. அவர் அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். பின்னர் மெய்ப்பொருளைத் தேடிப் பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூர் சென்று, சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை நிலை எய்தினார். திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்தில் திருத்தொண்டு புரிந்து, தம்பிக்காகச் சிவபெருமானிடம் நாளும் வேண்டினார்.

ஒருநாள் தருமசேனரைக் கொடிய சூலைநோய் பற்றியது. மருந்தும் மந்திரமும் பயனளிக்கவில்லை. புகழையும் பதவியையும் துறந்து, இரவோடு இரவாகத் தமக்கையின் அடியில் வந்து வீழ்ந்தார். அவர் கடிந்துரைக்காது திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே தம்பி உள்ளம் உருகிப் பதிகம் பாட, நோய் நீங்கிற்று. நாவுக்கரசர் என்னும் பெயரும் கிடைத்தது. விலகிச் சென்றவரையும் தேடி வந்து ஆட்கொள்ளும் அன்பை அவர் அன்று உணர்ந்தார்.

அந்த உணர்வுக்குச் சோதனை விரைவில் வந்தது. செய்தியறிந்து சினந்த பல்லவ மன்னன், அவரை அழைத்துவர அமைச்சர்களை அனுப்பினான். தாம் இறைவனுக்கே ஆட்பட்டவர், வேறெவர்க்கும் குடியல்லர் என்று மறுத்த நாவுக்கரசர், அமைச்சர்கள் பணிந்து வேண்டியபின் உடன் சென்றார். மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தான், நஞ்சு கலந்த பாற்சோற்றை உண்பித்தான், யானையை ஏவினான். நெருப்பு குளிர்ந்தது, நஞ்சு அமுதாயிற்று, யானை அவரை வலம்வந்து வணங்கிச் சென்றது. இறுதியில் கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டபோது, அவர் ஐந்தெழுத்தை ஓதினார். கல் தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரைசேர்த்தது என்கிறது பெரியபுராணம்.

நாவுக்கரசரிடம் படையில்லை, வாளில்லை. அவரது அஞ்சாமைக்கு வேர் இரண்டு. அரசர்க்கெல்லாம் மேலான அரசன் ஒருவன் உளன் என்னும் தெளிவு ஒன்று. அவன் தாயும் தந்தையுமாகத் தம்மைத் தாங்குபவன் என்னும் அன்புணர்வு மற்றொன்று. தெளிவு அவரைத் தலைநிமிரச் செய்தது. அன்பு அவரைப் பகைமையின்றி வாழச் செய்தது. பின்னாளில் மன்னன் மனம் மாறி வந்து வணங்கினான். திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலையும் எழுப்பினான். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என வரலாற்றறிஞர் பலர் கருதுவர். குணபரன் அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று.

வென்றவர் செருக்குறவில்லை. உழவாரப்படையைக் கையில் ஏந்தி, ஊர்தோறும் சென்று கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். வயதில் மிக இளையவரான திருஞானசம்பந்தர் அவரை அப்பர் என அன்புடன் அழைத்தார். திருப்புகலூரில் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தோன்றியபோது, அவற்றையும் கல்லோடு கல்லாகவே எண்ணிக் குளத்தில் எறிந்தார். அச்சுறுத்தலுக்கு அசையாத நெஞ்சம் ஆசைக்கும் அசையவில்லை.

தம் 81ஆம் அகவையில், அத்திருப்புகலூரிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் பாடிய தேவாரப் பதிகங்கள் நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகளாகத் தொகுக்கப்பெற்றுள்ளன. எதிர்ப்பின் நடுவே கலங்காது நின்ற அந்நாவின் பாடல்கள் இன்றும் தமிழகக் கோயில்களில் ஓதுவார்களால் பாடப்படுகின்றன.