வாஞ்சி கையில் இருந்த பிரவுனிங்

விருத்தாசலத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி தூத்துக்குடி போயிருக்கீங்களா? கோவில்பட்டி தாண்டினா வாஞ்சி மணியாச்சி. அடுத்த முறை தூங்கிடாதீங்க.

1886-ல் பிறந்த செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன். புனலூரில் வனத்துறை வேலை, மனைவி பொன்னம்மாள்னு ஓடின வாழ்க்கை. நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசிய சங்கத்தில் சேர்ந்தார். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் குறிபார்த்துச் சுடப் பயிற்சி எடுத்தார். கைக்கு வந்தது பெல்ஜியத் தயாரிப்பு பிரவுனிங். ரிவால்வர் மாதிரி சுழலும் உருளை கிடையாது; தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே அடங்கிடும். அதனால தட்டையா, சட்டைக்குள் மறைக்கிற சைஸ். (ஸ்பெயின் நாட்டு ஏபார் பட்டறைகள் காப்பியடித்துக் குவித்ததும் பிரவுனிங் மாடல்களைத்தான்!)

1911 ஜூன் 17. மணியாச்சியில் நின்ற ரயிலின் முதல் வகுப்பில் கலெக்டர் ஆஷ், கூடவே மனைவி. வாஞ்சி சுட்டார். பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடி, தன்னையும் சுட்டுக்கொண்டார். வயசு 25தான்.

பையில் கிடைத்த கடிதம் நாட்டு விடுதலையோடு சனாதன தர்மத்தையும் பேசுது. அவர் எதுக்காகச் சுட்டார்னு இன்னிக்கும் சண்டை ஓயலை. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டு முடிவு கட்டாதீங்க, கடிதம் முழுசையும் படிங்க.

பொன்னம்மாள், நாடு விடுதலையான பிறகும் உயிரோடு இருந்தார்.