பால்குடிப் பிள்ளைக்கும் பங்கு

கலீஃபா உமர் (ரலி) அவர்களை நீதிக்கும் கண்டிப்புக்கும் எடுத்துக்காட்டாக நீங்கள் அறிவீர்கள். கி.பி. 634 முதல் 644 வரை ஆண்ட அப்பெருந்தகை அமைத்த ‘திவான்’ எனும் பதிவேட்டில் பச்சிளம் பிள்ளைகளும் இடம்பெற்றதைச் சற்றே சிந்தியுங்கள்.

முதலில், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை கிடைத்தது. ஓரிரவு மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தாருக்கு, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுடன் கலீஃபா காவலிருந்தார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. மும்முறை சென்று தாயிடம் விசாரித்தார்கள். எதிரில் நிற்பவர் யாரென அறியாத அப்பெண்மணி, தொகையை விரைந்து பெறவே பாலை நிறுத்த முயல்வதாகக் கூறினார். விதியை வகுத்தவரோ கலீஃபாவேதான்! அன்று சுபுஹுத் தொழுகையில் அவர்கள் ஓதியது, அழுகை மிகுதியால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறந்தவுடனேயே உதவி உண்டென எங்கும் அறிவிக்கச் செய்தார்கள். பிறந்த பிள்ளைக்கு 100 திர்ஹம், வளர்ந்தபின் 200 என்று இப்னு ஸஅத் எழுதுகிறார்.

பெற்றோர் இன்னாரெனத் தெரியாத பிள்ளைகளின் கதி என்ன? அபூ ஜமீலா என்பவர் தாம் கண்டெடுத்த சிசுவைக் கொணர்ந்தபோது, கலீஃபா முதலில் ஐயுற்றார்கள். ஐயுற்றது நன்றே, ஆதரவற்ற பிள்ளையை ஆராயாமல் எவரிடமும் விடலாகாதல்லவா? அவருடைய குலத்தின் பொறுப்பாளர் நற்சான்று அளித்த பின்னரே பிள்ளையை அவரிடம் ஒப்படைத்தார்கள். அது அடிமையன்று, சுதந்திரப் பிள்ளையே எனத் தீர்ப்பளித்து, வளர்ப்புச் செலவை பைத்துல்மாலின் பொறுப்பில் ஏற்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தியை நீங்கள் காணலாம்.