ஆழ்கடலை ஏட்டில் வடித்த எர்னஸ்ட் ஹெக்கல்

(இளம் அறிவியல், விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

 

சென்ற பருவத்தில் நம் கல்லூரிக் கணினி அறிவியல் துறை நண்பர்கள் சிலர், கைபேசியில் ஆடும் சீட்டு விளையாட்டு ஒன்றை உருவாக்க முனைந்தனர். ராஜா, ராணி, ஜாக்கி ஆகியோருக்குப் பதிலாகக் கடல்வாழ் உயிர்கள். மொத்தம் 40 சீட்டுகள். அவற்றுக்குப் படம் வரையும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் ரெக்கார்டு நோட்டில் உள்ள படங்கள் பார்க்கும்படியாக இருக்கும் என்பது ஒரு காரணம். நான் மீனவர் வீட்டுப் பிள்ளை என்பது மற்றொரு காரணம். என் தந்தையார் வலையை உதறும்போது மீனல்லாதவையாக விழும் பொருள்களில்தான் கடலின் பாதி உயிர்களை நான் முதன்முதலில் கண்டேன். அவற்றுக்கு லத்தீன் பெயர் உண்டு என்பது, எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறிய பிறகே எனக்குத் தெரிந்தது.

வரைய உட்கார்ந்தபோதுதான் சிரமம் புரிந்தது. கைபேசியில் ஒரு சீட்டு கட்டைவிரல் அகலம்கூட வராது. அந்த அகலத்துக்குள் நட்சத்திர மீனும் கடல் சாமந்தியும் ஒரே பார்வையில் வேறுபட்டுத் தெரிய வேண்டும். நுண்ணிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். உடல் கண்ணாடி போன்ற உயிர்களுக்கு இருண்ட பின்னணி வேண்டும். நான் தவித்துக்கொண்டிருந்ததைக் கண்ட நண்பர் ஒருவர், ஜெர்மானியர் ஒருவரின் பழைய படங்களைக் காட்டினார். அவர் இறந்து நூறாண்டு கடந்துவிட்டது, பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யாரைக் கேட்க வேண்டும், அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம் என்றார். படங்களைப் பார்த்தேன், மூச்சடைத்துப் போனேன். ஒவ்வொரு ஏடும் ஒரு சீட்டைப் போலவே இருந்தது! நடுவில் பெரிய உயிர் ஒன்று, சுற்றிலும் மூலைக்கு மூலை சிறியவை, இருபுறமும் தராசில் நிறுத்ததைப் போன்ற ஒழுங்கு. ஒட்டுவதற்கு முன் இந்த மனிதர் யார் என்று படித்துவிட்டு வா என்றார் எங்கள் துறைப் பேராசிரியர். அப்படிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

எர்னஸ்ட் ஹெக்கல் 1834-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் ஜெர்மனியில் உள்ள போட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். மகன் மருத்துவராக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். மகனுக்கோ செடிகளிலும் ஓவியத்திலும் நாட்டம். பெற்றோர் சொல்லைத் தட்டாமல் பெர்லின், வுர்ட்ஸ்பர்க், வியன்னா ஆகிய இடங்களில் மருத்துவம் பயின்று பட்டமும் பெற்றார். ஆனால் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் விடியற்காலை ஐந்து முதல் ஆறு வரை என்று அறிவித்தாராம்! அந்த நேரத்தில் யார் வருவார்கள்? தமக்குப் பிடிக்காத தொழிலிலிருந்து நழுவ இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது. (இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குத் தந்தையின் பணம் துணை நின்றது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் எவரும் இந்த வழியைப் பின்பற்ற முடியாது.)

அவரைக் கடலிடம் ஒப்படைத்தவர் ஜோஹன்னஸ் முல்லர் என்னும் பேராசிரியர். 1854-இல் வட கடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவுக்கு முல்லருடன் சென்றபோது, மெல்லிய துணிவலையைக் கடல்மேல் இழுத்து, அதில் சேரும் மிதவை உயிர்களைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். வெறும் நீர் என்று நாம் எண்ணுவதில் ஓர் உலகமே நீந்திக்கொண்டிருந்தது. அன்று பிடித்த பித்து அவரை 85 வயது வரை விடவில்லை.

1859-இல் இத்தாலி சென்றார். அங்கே ஹெர்மன் ஆல்மர்ஸ் என்னும் கவிஞரின் நட்புக் கிடைத்தது. இருவரும் நேப்பிள்ஸ் பகுதியிலும் காப்ரி தீவிலும் வண்ணப் பெட்டியுடன் அலைந்தனர். அறிவியலைக் கைவிட்டு ஓவியராகவே ஆகிவிடலாமா என்றுகூட ஹெக்கல் ஊசலாடினார். ஆனால் அவ்வாண்டுக் குளிர்காலத்தில் மெசினா துறைமுகத்தில் நுண்ணோக்கியின் கீழ் ரேடியோலேரியா என்னும் ஒற்றைச் செல் உயிர்களைக் கண்டதும் ஊசலாட்டம் நின்றது. ஊசிமுனையளவே உள்ள அவ்வுயிர்கள் மணற்சத்தாகிய சிலிக்காவைக் கொண்டு தமக்கு எலும்புக்கூடு கட்டிக்கொள்கின்றன. அந்தக் கூடுகள் கோபுரமாய், கூண்டாய், முள்முடியாய், சல்லடைப் பந்தாய் விரிகின்றன. எந்தத் தட்டான் இத்தனை நுணுக்கமாக நகை செய்வான்! ஒரே குளிர்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட புதிய இனங்களைக் கண்டெடுத்தார். ஒரு கண்ணை நுண்ணோக்கியிலும் மறு கண்ணை வரைதாளிலும் வைத்து ஒரே நேரத்தில் பார்த்து வரையும் ஆற்றல் அவருக்கு இருந்தது என்பர். நானும் முயன்று பார்த்தேன். தலைவலிதான் மிஞ்சியது.

1862-இல் 35 செப்புத்தகட்டுப் படங்களுடன் ரேடியோலேரியா நூல் வெளிவந்தது. அவ்வாண்டே யெனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவ்வாண்டே தம் உறவுப் பெண் அன்னா சேத்தேயை மணந்தார். எல்லாம் கூடிவந்த வேளையில், 1864 பிப்ரவரி 16 அன்று, தம் முப்பதாம் பிறந்தநாளில், மனைவியை இழந்தார். அந்த நூலுக்கான பதக்கம் பற்றிய செய்தியும் அதே நாளில்தான் வந்தது. துயரம் தாளாமல் மத்தியதரைக் கடற்கரைக்குச் சென்றவர், அங்கே மிதந்து வந்த இழுது மீன் ஒன்றின் மெல்லிய உணர்கொம்புகளில் மனைவியின் பொன்னிறக் கூந்தலைக் கண்டார். அதற்கு அவள் பெயரையே சூட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின் மற்றோர் இழுது மீனுக்கும் அன்னா சேத்தே என்று பெயரிட்டார். அவருடைய புகழ்பெற்ற படங்களுள் எட்டாம் ஏட்டில் கூந்தல் விரித்துத் தொங்குவது அதுதான். எங்கள் ஊரில் இழுது மீனைச் 'சொறி' என்போம். வலையில் ஏறினால் கை அரிக்கும், திட்டிக்கொண்டே தூக்கி எறிவோம். அதற்குப் போய் ஒருவர் மனைவியின் பெயரைச் சூட்டினார் என்று வீட்டில் சொன்னேன். என் தாயார் நெடுநேரம் சிரித்தார். பிறகு, பாவம் என்றார்.

ஹெக்கல் பின்னர் மறுமணம் செய்துகொண்டார். வேலையில் வெறி கொண்டவராய் மூழ்கினார். 1866-இல் அவர் எழுதிய பெருநூலில்தான், உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் இடையிலான உறவை ஆராயும் துறைக்கு 'எக்காலஜி' என்று பெயரிட்டார். நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் அச்சொல்லுக்குத் தந்தை இவரே. அதே ஆண்டில் இங்கிலாந்து சென்று டார்வினைச் சந்தித்தார். அக்கொள்கையை ஜெர்மன் மக்களிடம் பரப்பியதில் இவருக்கு நிகரானவர் இல்லை எனலாம்.

1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி அடிமண்ணையும் உயிர்களையும் அள்ளி வந்தது. அதன் ரேடியோலேரியாக்களை ஆராயும் பணி ஹெக்கலிடம் வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு! 1887-இல் வெளிவந்த அறிக்கையில் 140 ஏடுகள் நிறையப் படங்கள், 3,500-க்கு மேற்பட்ட புதிய இனங்கள். இவற்றுள் பல தனி இனங்கள் அல்ல என்று பின்வந்தோர் கண்டனர். இடையில் 1881-ஆம் ஆண்டு இறுதியில் நமக்கு அண்மையில் உள்ள இலங்கைக்கும் வந்தார். தென்கரையில் வெலிகம என்னும் ஊரின் ஓய்வு விடுதியையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு உயிர்களைச் சேகரித்தார். வெப்பத்தில் மென்மையான உயிர்கள் விரைவில் அழுகிப் போனது அவருக்குப் பெரும் வருத்தம். ஐஸ் வைக்காத மீன் எத்தனை நேரம் தாங்கும் என்று கரையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாளே!

1899 முதல் 1904 வரை, தவணைக்குப் பத்து ஏடுகளாக, 'இயற்கையின் கலை வடிவங்கள்' என்னும் பொருள்படும் பெயரில் அவருடைய 100 ஏடுகள் வெளிவந்தன. நண்பர் எனக்குக் காட்டியவை இவையே. பெட்டி மீன், எண்காலி, கடல் சாமந்தி, வௌவால், ஓசனிச்சிட்டு என்று நிலத்து உயிர்களும் இதில் உண்டு, எனினும் நெஞ்சை அள்ளுபவை கடலுயிர்களே. இவற்றை அச்சுக்கல்லில் ஏற்றியவர் யெனா நகரின் அடோல்ஃப் கில்ட்ஷ். கல்லச்சில் நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். கல்லில் இருப்பது தாளில் இடம்வலம் மாறி விழும் என்பதால் எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்து வரைய வேண்டும். இன்று நாம் ஒரு பொத்தானை அழுத்திச் செய்வதை அவர் கையால் செய்தார். அவர் பெயரை எவரும் நினைப்பதில்லையே என்பது என் குறை. 1900-இல் பாரிஸ் பொருட்காட்சிக்கு வாயில் அமைத்த ரெனே பினே, ஹெக்கலின் ரேடியோலேரியா படத்தையே முன்மாதிரியாகக் கொண்டார். நுண்ணோக்கியில் மட்டும் தெரிந்த ஓர் உயிரின் கூட்டுக்குள் மக்கள் கூட்டம் கூட்டமாக நுழைந்து சென்றது!

இத்தனையும் படித்தபோது, ஒட்டிவிட்டால் என்ன என்றே எனக்கும் தோன்றியது. ஆனால் மேலும் படித்தேன்.

1868-இல் அவர் எழுதிய நூல் ஒன்றில் நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றின் இளங்கருக்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்ட மூன்று படங்கள் அடுத்தடுத்து அச்சாயின. அவை ஒத்திருந்ததில் வியப்பில்லை. மூன்றும் ஒரே மர அச்சு! பாசல் நகரத்து ரூட்டிமயர் என்னும் அறிஞர் இதைக் கண்டுபிடித்து எழுதினார். ஹெக்கல் அடுத்த பதிப்பில் திருத்தினார். எனினும் 1874-இல் வெளிவந்த கருப் படங்களிலும் வேற்றுமைகளைக் குறைத்து ஒற்றுமைகளைக் கூட்டினார் என்று வில்ஹெல்ம் ஹிஸ் போன்றோர் சாடினர். 1997-இல் ரிச்சர்ட்சன் குழுவினர் உண்மைக் கருக்களின் நிழற்படங்களை அருகில் வைத்துக் காட்டியபோது அந்த வேறுபாடு உலகறியத் தெரிந்தது. உயிர்கள் பரிணமித்தன என்னும் உண்மை இதனால் பொய்யாகிவிடவில்லை. அந்த உண்மைக்கு இப்படிப்பட்ட படம் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு வேதனை. மனத்தில் ஒரு வடிவம் முதலில் எழுந்துவிட்டது, கண் அதற்குப் பின்னால் நடந்தது. இழுது மீன்களின் அந்த அப்பழுக்கற்ற சமச்சீரிலும் இதே கைதான் வேலை செய்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதைவிட ஒன்று என்னைச் சுட்டது. அந்நூலின் பிற்பதிப்புகளில் மனித குலத்தையே பன்னிரண்டு இனங்களாகப் பிரித்து, உயர்வு தாழ்வு கற்பித்து, ஐரோப்பியரை உச்சியில் அமர்த்தினார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றின் பெயர் திராவிடர். மனிதன் தோன்றிய இடம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய லெமூரியாவாக இருக்கலாம் என்று அவர் எழுதியதை நம்மவர் குமரிக்கண்டத்தோடு இணைத்து மகிழ்ந்ததுண்டு. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்தபின் அறிவியலில் லெமூரியாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் மகிழ்ந்தவர்கள் அதே நூலின் ஏணியில் தமக்கு எந்தப் படி என்று பார்த்தார்களா, தெரியவில்லை. ஒரு துளி நீரில் இருந்த உயிரை வணங்கத்தக்க பொறுமையோடு பார்த்தவர், வெலிகமவில் தமக்கு உதவிய மனிதர்களோடு வாரக்கணக்கில் வாழ்ந்தவர், அவர்களைச் சமமாகப் பார்க்கக் கற்கவில்லை. என் தந்தையாரின் கை விரல்களை நினைத்துக்கொண்டு அப்பக்கத்தை மூடினேன்.

1909-இல் ஓய்வுபெற்ற ஹெக்கல் 1919 ஆகஸ்ட் 9 அன்று யெனா நகரில் காலமானார். இழுது மீனின் பெயரால் 'வில்லா மெடூசா' என்று அவர் அழைத்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அதன் கூரையிலும் இழுது மீன் ஓவியங்களே.

இனி எங்கள் சீட்டுகளுக்கு வருகிறேன். நண்பர்கள் முதலில் வகுத்த விதி இது: திமிங்கலத்துக்கு 20 புள்ளி, சுறாவுக்கு 18, இப்படியே இறங்கிச் சொறிக்கு 1. பெரிய எண் சின்ன எண்ணை வெல்லும். இதுவும் ஓர் ஏணி அன்றோ! கடலில் அப்படி நடப்பதில்லை என்று நான் வாதாடினேன். ஆமை சொறியைத் தின்னும், சொறி மீன்குஞ்சைத் தின்னும், அந்தக் குஞ்சு பிழைத்து வளர்ந்தால் மிதவை உயிர்களைத் தின்னும், மீன்களிலெல்லாம் பெரிய திமிங்கலச் சுறாவுக்கும் அதே மிதவை உயிர்கள்தாம் உணவு. எது எதைத் தின்னும் என்பதையே சீட்டில் போடுவோம், எண் வேண்டாம் என்றேன். அதாவது, ஹெக்கலின் ஏணியை விட்டு அவர் பெயரிட்ட எக்காலஜியை எடுத்துக்கொள்வோம் என்றேன். நிரலை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று இரண்டு நாள் என்னுடன் பேசாமல் இருந்தார்கள். பிறகு எழுதினார்கள்.

படங்களை நான் ஒட்டவில்லை. நடுவில் ஓர் உயிர், இருண்ட பின்னணி, தடித்த புறக்கோடு ஆகியவற்றை ஹெக்கலிடம் கற்றேன். உருவத்தை எங்கள் கரையிலிருந்து எடுத்தேன். ஒரு விடியற்காலை தந்தையாரின் வலையில் வந்த சொறியை வாளியில் கடல்நீர் ஊற்றி விட்டு, அது மிதந்த மட்டும் வரைந்தேன். அந்த இனத்துக்கு வாயைச் சுற்றி எட்டுக் கைகள். இதற்கு வலை அறுத்தது போக ஆறுதான் இருந்தன, அவற்றிலும் ஒன்று குட்டை. கணினியில் ஏற்றியதும் நண்பர் அருகே வந்து, பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மிரர் பொத்தானை அழுத்தினால் மறுபாதி தானே வந்துவிடும், அழகாகவும் இருக்கும் என்றார். உண்மைதான், ஒருமுறை அழுத்திப் பார்த்தேன், மிக அழகாக இருந்தது. பழையபடி மாற்றிவிட்டேன். எட்டுக் கைகளும் உள்ள சொறி வலையில் வந்தால் அதை இன்னொரு சீட்டாக வரைவதாகச் சொல்லியிருக்கிறேன்.

40 சீட்டுகளில் 17 முடிந்திருக்கின்றன. கணவாய், சிங்கி இறால், கடல் குதிரை உள்ளிட்ட மற்ற 23-ஐயும் பருவத் தேர்வு முடிந்ததும் ஊருக்குப் போய்த்தான் வரைய வேண்டும்.