பாரிஸ் தெருக்களைக் கண்ணாடித் தகடுகளில் சேர்த்து வைத்த யூஜின் அட்ஜே: லாபிஸில் இருக்கும் உங்களுக்கு அவர் கதை எதற்கு?

சிகாமட்டிலிருந்து யோங் பெங் போகும் பழைய சாலையில் லாபிஸைக் கடந்திருப்பீங்க. இல்லையென்றால் அங்கேயே பிறந்து வளர்ந்திருப்பீங்க. கடைவரிசை, ரயில் நிலையம், ஊரைச் சுற்றிச் செம்பனை. பால்மரம் இருந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கிம்மாஸ் – ஜொகூர் பாரு இரட்டை மின்ரயில் பாதை வந்த பிறகு தண்டவாளத்தை ஒட்டிய பகுதியின் முகமே மாறிவிட்டது.

ஒரு சின்னக் கேள்வி. இருபது வருஷத்துக்கு முன்னால் உங்கள் தெரு எப்படி இருந்தது என்று காட்ட, உங்களிடம் ஒரு படமாவது இருக்கா?

கல்யாணப் படம் இருக்கும். திருவிழாப் படம் இருக்கும். ஆனால் வெறும் தெருவை, ஒரு சாதாரணக் காலையில், யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எதற்கு எடுக்கணும்? தினமும் பார்க்கிற தெருதானே!

பாரிஸ் நகரத்தில் ஒரு மனிதர் அந்த வேலையைத்தான் சுமார் முப்பது வருஷம் செய்தார். அவர் பெயர் யூஜின் அட்ஜே.

யார் இந்த அட்ஜே?

1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, தென்மேற்கு பிரான்சில் போர்தோ நகருக்கு அருகிலுள்ள லிபூர்ன் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டதால், தாய்வழித் தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். இளவயதில் கப்பலில் வேலைக்குப் போனார். 1878-இல் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

அவர் ஆசைப்பட்டது கேமராவுக்கு இல்லை, நாடக மேடைக்கு. நடிப்புப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் முதல் முறை தோற்றார், இரண்டாவது முறை இடம் கிடைத்தது. ஆனால் கட்டாய ராணுவ சேவையும் அதே நேரத்தில் இருந்ததால் வகுப்புக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. 1881-இல் பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். பிறகு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார். அப்படிப் போன இடத்தில்தான் வலன்டீன் கொம்பாஞ்ஞோன் என்ற நடிகையைச் சந்தித்தார். கடைசிவரை அவருடன் வாழ்ந்தவர் அந்த அம்மாதான்.

1887 வாக்கில் தொண்டையில் வந்த நோயால் நடிப்பும் போனது. கொஞ்ச நாள் ஓவியம் வரைந்து பார்த்தார். அதிலும் சோறு கிடைக்கவில்லை. முப்பது வயதைத் தாண்டியவர், கையில் தொழில் இல்லாமல் நின்றார்.

கேமரா எப்படி வந்தது?

ஓவியர்களோடு பழகியதில் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. மரம், பூ, வாசற்படி, பழைய வீடு என்று எதை வரைவதானாலும் பார்த்து வரைய அவர்களுக்கு ஒரு மாதிரிப் படம் வேணும். அதை எடுத்துக் கொடுக்கலாமே என்று படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஓவியர்களுக்கான ஆவணங்கள் இங்கே கிடைக்கும் என்று வீட்டு வாசலில் ஒரு பலகையும் மாட்டினார்.

அந்தப் பலகையில் கலை என்ற பேச்சே இல்லை. கடைசிவரை தன் படங்களை அவர் ஆவணம் என்றுதான் சொன்னார்.

பழைய பாரிஸ் மேல் ஏன் இவ்வளவு கவனம்?

மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853 முதல் 1870 வரை, ஓஸ்மான் என்ற அதிகாரி பாரிஸின் குறுகிய சந்துகளை இடித்து அகலமான சாலைகளைப் போட்டார். இன்று சுற்றுலாப் படங்களில் நாம் பார்க்கும் பாரிஸ் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தது. இடிப்பு அவரோடு நிற்கவில்லை. மிச்சமிருந்த பழைய பகுதிகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

இதைப் பார்த்துக் கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். 1897-இல் பழைய பாரிஸுக்கென்றே நகராட்சி ஒரு ஆணையம் அமைத்தது. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் பழைய நகரத்தின் படங்களை வாங்கத் தொடங்கின. அட்ஜே பழைய பாரிஸைத் தொடர்ச்சியாகப் படம் பிடிக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். அவரிடம் படம் வாங்கியவர்களில் பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகமும் பிரெஞ்சு தேசிய நூலகமும் உண்டு.

ஐஃபெல் கோபுரம் 1889-லேயே எழும்பிவிட்டது. ஆனால் அட்ஜேயின் படங்களில் அதைத் தேடினால் ஏமாந்துபோவீங்க. அவர் எடுத்தது படிக்கட்டு, கதவுப்பிடி, கிணறு, கடைப்பலகை, தண்ணீர்க் குழாய், சந்து முனை. தோல் பதனிடும் பட்டறைகளின் ஓரமாக ஓடிய பியேவ்ர் என்ற சிற்றாற்றையும் எடுத்தார். 1912-க்குள் நகரத்துக்குள் ஓடிய அந்த ஆற்றை முழுக்க மூடி, மேலே தெரு போட்டுவிட்டார்கள்.

ரொட்டிக்காரரும் கச்சாங் பூத்தேக்காரரும்

1898 முதல் 1900 வரை அவர் தெருவில் பிழைப்பவர்களைப் பிடித்தார். விளக்குக்கு மூடி விற்பவர், கத்தி சாணை பிடிப்பவர், ரொட்டி சுமக்கும் பெண், கைப்பெட்டி வாத்தியம் வாசிப்பவரும் கூடவே பாடுகிற பெண்ணும். பெரிய கடைகள் வந்துவிட்டதால் இந்தப் பிழைப்புகள் ஓய்ந்துகொண்டிருந்தன. பிறகு இவற்றில் எண்பது படங்கள் அஞ்சலட்டைகளாகவும் வந்தன.

நம் ஊரில் யோசித்துப் பாருங்க. ஹாரன் அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர். தலையில் தட்டு வைத்து கச்சாங் பூத்தே விற்றவர். வீடு வீடாகப் பால் ஊற்றியவர். இவர்களை வேலை செய்கிற கோலத்திலேயே யாராவது நிற்க வைத்து, முழு உருவமாக, பின்னால் தெருவும் தெரிகிற மாதிரி எடுத்தார்களா? அட்ஜே எடுத்தது அப்படித்தான்.

குதிரை வண்டி இருந்த இடத்தில் மோட்டார் கார் வந்துகொண்டிருந்தபோது, பாரிஸின் வண்டி வகைகளுக்காக மட்டும் ஒரு தொகுப்பு செய்தார். கோட்டைச் சுவருக்கு வெளியே, கட்டடம் கட்டத் தடை இருந்த நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குப்பை பொறுக்கும் குடும்பங்களையும் தேடிப் போனார்.

எப்படி வேலை செய்தார்?

கைப்பேசியை எடுத்து ஒரு தட்டு தட்டுகிற வேலை இல்லை இது. மரப்பெட்டி கேமரா, முக்காலி, 18-க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகள். எல்லாம் சேர்த்துச் சுமார் 20 கிலோ. இதைத் தூக்கிக்கொண்டு பெரும்பாலும் விடியற்காலையில் கிளம்புவார்.

ஒளி தகட்டில் பதிய நேரம் பிடிக்கும். அதற்குள் யாராவது நடந்துபோனால் புகை மாதிரி ஒரு தடம்தான் விழும். அவருடைய தெருக்கள் பல வெறிச்சோடித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம், அதிகாலை நேரம் இன்னொரு காரணம்.

வீட்டுக்கு வந்ததும் தகட்டைத் தாளோடு ஒட்டி வைத்து, வெயிலில் காயவிட்டுப் படம் எடுப்பார். பெரிதாக்குவது கிடையாது. தகடு என்ன அளவோ படமும் அதே அளவு. அவர் குடியிருந்தது மோன்பர்னாஸ் பகுதியில் கம்பாஞ்ஞ் பிரமியேர் தெருவில். கேமராவோடு மாடிப்படி ஏறி இறங்கியே காலம் போனது.

இதைவிட முக்கியமான ஒரு வேலையும் செய்தார். ஒவ்வொரு தகட்டுக்கும் எண் போட்டார். படத்தின் பின்னால் இது எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று பென்சிலால் எழுதினார். வகை வகையாகப் பிரித்து அடுக்கினார். யாருக்கு எது தேவைப்படும், எந்த நேரத்தில் போனால் பார்க்கலாம் என்று வாடிக்கையாளர்களுக்கும் தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருந்தார்.

போர் வந்தது, பயமும் வந்தது

முதல் உலகப்போரில் தொழில் படுத்தது. வலன்டீனின் மகன் போர்முனையில் இறந்தார். குண்டு விழுந்தால் உடைந்துவிடுமே என்று கண்ணாடித் தகடுகளைக் கட்டடத்தின் நிலவறையில் இறக்கி வைத்தார் அட்ஜே.

போர் முடிந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தனக்குப் பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? மதிப்புத் தெரியாதவர்கள் கையில் போய்த் தொலைந்துவிடுமோ? 1920-இல் அரசின் நுண்கலைத் துறைக்குக் கடிதம் எழுதினார். பழைய பாரிஸ் முழுவதும் தன்னிடம் இருக்கிறது என்று அதில் சொன்னார். கொஞ்சம் பெருமைதான், ஆனால் பொய் இல்லை. 2,600-க்கும் மேற்பட்ட தகடுகளை அரசு 10,000 பிராங்குக்கு வாங்கிக்கொண்டது.

அந்தப் பணம் கையில் வந்ததும் ஓய்ந்து உட்காரவில்லை. விற்பனையைப் பற்றிக் கவலைப்படாமல் தனக்குப் பிடித்ததை எடுக்கத் தொடங்கினார். வெர்சாய், சான் குளூ, சோ பூங்காக்கள். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சட்டை மாட்டிய பொம்மைகள், அதே கண்ணாடியில் எதிர்த்தெருவின் நிழல்.

பெயர் போடாதே என்றவர்

அவர் தெருவிலேயே குடியிருந்த மேன் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் சில படங்களை வாங்கினார். 1926-இல் மிகையதார்த்தவாதிகளின் பத்திரிகை அவற்றைப் பயன்படுத்தியது. அதில் ஒன்று, 1912-ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தைக் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்க்கும் மக்களின் படம். தன் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அட்ஜே கேட்டுக்கொண்டார். அப்படியே பெயரில்லாமல்தான் வந்தது.

அதே ஆண்டு வலன்டீன் இறந்தார். அட்ஜே தனித்துப்போனார்.

காப்பாற்றியது யார்?

மேன் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரனீஸ் அபொட் என்ற இளம் அமெரிக்கப் பெண் அட்ஜேயின் படங்களைப் பார்த்து அசந்துபோனார். 1927-இல் அவரைத் தன் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து உருவப்படம் எடுத்தார். ஒட்டுப்போட்ட வேலை உடையில் வருவார் என்று எதிர்பார்த்தால், மனிதர் நல்ல மேல்கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்.

படத்தைக் காட்ட அபொட் அவர் வீட்டுக்குப் போனபோது அட்ஜே உயிரோடு இல்லை. 1927 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, 70 வயதில் காலமாகியிருந்தார்.

அவருடைய பழைய நாடக நண்பர் ஆந்திரே கல்மெத் கையில்தான் எல்லாம் இருந்தன. அபொட் விடவில்லை. நியூயார்க் கலை வணிகர் ஜூலியன் லெவியின் பண உதவியோடு, மிச்சமிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளையும் ஆயிரக்கணக்கான படங்களையும் 1928-இல் வாங்கினார். நாற்பது வருஷம் பாதுகாத்தார். 1930-இல் அட்ஜேயின் படங்களோடு முதல் புத்தகம் வந்தது. 1968-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. தானே நியூயார்க் தெருக்களையும் அபொட் 1930-களில் இதேபோலப் படம் பிடித்தார்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

அட்ஜேயிடம் இல்லாத வசதி எல்லாம் இன்று நம் கையில் இருக்கு. 20 கிலோ சுமக்க வேண்டாம். ஆனால் நம் படங்களில் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: இது எந்த இடம் என்ற குறிப்பு. குடும்பப் புலனக் குழுவில் வந்து விழுகிற பழைய படத்தைப் பார்த்து, இது எந்தத் தோட்டத்து லயம், எந்தக் கடை என்று அடையாளம் சொல்ல வீட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களும் போய்விட்டால் அந்தப் படம் யாரோ ஒருவருடைய சுவர், அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை லாபிஸ் போகும்போது, விடிந்ததும் ஒரு பதினைந்து நிமிஷம் கடைவரிசையில் நடந்து பாருங்க. சாப்பாட்டை மட்டும் எடுக்காமல் ஒட்டுக்கடையையும் எடுங்க. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அவரையும் எடுங்க. இடம், தேதி, யார் என்று மூன்றையும் படத்தோடு சேர்த்து எழுதி வைங்க. அலமாரியில் இருக்கும் பழைய படங்களை எடுத்து, பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதுங்க. அந்த வேலைக்குத் தாமதிக்காதீங்க. அபொட் போய்ச் சேர்ந்தபோது அட்ஜே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இந்த வார இறுதியிலேயே உட்காருங்க.