ஆக்டேவியா ஹில்

ஆக்டேவியா ஹில் (டிசம்பர் 3, 1838 – ஆகஸ்ட் 13, 1912) இங்கிலாந்தைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதி ஆவார். இலண்டன் நகரின் ஏழைத் தொழிலாளர்களுக்கு நல்ல குடியிருப்புகளை ஏற்படுத்தியவர். பொதுமக்கள் இளைப்பாறவும் உலாவவும் திறந்தவெளிகள் வேண்டும் என்று போராடியவர். இயற்கை எழில் மிக்க நிலங்களையும் பழமையான கட்டிடங்களையும் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளையை (நேஷனல் டிரஸ்ட்) நிறுவிய மூவருள் இவரும் ஒருவர்.

இளமைக் காலம்

ஆக்டேவியா இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள விஸ்பெக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஹில் தானிய வணிகரும் வங்கியாளரும் ஆவார்; ராபர்ட் ஓவனின் கூட்டுறவுக் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டவர். இவர் தந்தைக்கு எட்டாவது மகள். இலத்தீன் மொழியில் எட்டாவது என்று பொருள்படும் சொல்லே இவருடைய பெயராயிற்று. 1840 இல் தந்தை கடனில் மூழ்கி நொடித்துப் போனார். அதன்பின் தாய் கரோலினும் தாய்வழிப் பாட்டனாரான மருத்துவர் சவுத்வுட் சுமித்தும் குடும்பத்தைத் தாங்கினர். பொதுச் சுகாதாரச் சீர்திருத்தத்தில் முன்னோடியாக விளங்கிய பாட்டனாரின் வழியாக, நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளின் அவலநிலை இவருக்குச் சிறுவயதிலேயே தெரியவந்தது.

இவர் பள்ளிக்குச் சென்றதில்லை. தாயிடமே கல்வி கற்றார். 1852 இல் தாய் இலண்டனில் பெண்களுக்கான கூட்டுறவுத் தொழிற்கூடம் ஒன்றின் மேலாளரானபோது ஆக்டேவியாவும் அங்கு வேலைக்குச் சேர்ந்தார். விரைவிலேயே பொம்மைகள் செய்யும் ஏழைச் சிறுமியரின் பிரிவு இவருடைய பொறுப்பில் விடப்பட்டது. அச்சிறுமியரைத் தொழிற்கூடத்திற்கு வெளியே, வயல்வெளிகளுக்கு உலாவ அழைத்துச் செல்வது இவரது வழக்கமாக இருந்தது.

குடியிருப்புப் பணி

கலை விமர்சகர் ஜோன் ரஸ்கினுக்கு ஓவியப் படிகள் வரைந்து கொடுத்ததன் மூலம் அவரது நட்பு இவருக்குக் கிடைத்தது. 1865 இல் ரஸ்கின் மேரிலெபோன் பகுதியின் பாரடைஸ் பிளேசு தெருவில் மூன்று வீடுகளை வாங்கி இவருடைய நிருவாகத்தில் ஒப்படைத்தார். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாய் தரவேண்டும், எஞ்சும் பணத்தை வீடுகளைப் பழுதுபார்க்கச் செலவிடலாம் என்பதே ஏற்பாடு.

ஒவ்வொரு வாரமும் இவரோ இவரிடம் பயிற்சி பெற்ற பெண்களோ நேரில் சென்று வாடகை வாங்கினர். இதனால் வீட்டின் குறைகளும் குடியிருப்போரின் இன்னல்களும் உடனுக்குடன் தெரியவந்தன. வாடகை தவறக்கூடாது என்பதில் இவர் கண்டிப்பானவர். உரிமையாளரும் தம் கடமையில் தவறக்கூடாது என்பதிலும் அதே கண்டிப்பு இருந்தது. 1874 அளவில் இவரது மேற்பார்வையில் ஏறத்தாழ 3,000 பேர் குடியிருந்தனர். 1884 இல் திருச்சபை ஆணையமும் சவுத்வார்க் பகுதியில் இருந்த தன் வீடுகளை இவரிடம் ஒப்படைத்தது.

திறந்தவெளிகளுக்கான போராட்டம்

நல்ல வீடு மட்டும் போதாது, நடப்பதற்கும் அமர்வதற்கும் விளையாடுவதற்கும் இடம் வேண்டும் என்பது இவரது உறுதியான கருத்து. வசதி படைத்தோர் விடுமுறையில் நாட்டுப்புறம் செல்லலாம்; ஓர் அறையில் குடும்பமாக வாழ்பவர்களுக்கு அருகில் உள்ள புல்வெளியே விடுமுறை என்று வாதிட்டார். அந்தப் புல்வெளிகளோ இலண்டனின் வளர்ச்சியால் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

1875 இல் ஸ்விஸ் காட்டேஜ் வயல்களை மீட்க இவர் நிதி திரட்டினார். தேவையான 10,000 பவுண்டில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே சேர்ந்தபோதும் நிலவுரிமையாளர்கள் பின்வாங்கினர். வயல்களின் மேல் வீடுகள் எழுந்தன. இத்தோல்விக்குப் பிறகும் இவர் தளரவில்லை. தமக்கை மிராண்டா தொடங்கிய கைர்ல் கழகத்தின் மூலம், பயன்பாட்டில் இல்லாத இடுகாடுகளைத் தோட்டங்களாக மாற்றப் பாடுபட்டார். பாராளுமன்றக் குன்று என்னும் பகுதி 1889 இல் பொதுமக்களுக்காக மீட்கப்பட்டதில் இவருக்கும் பங்குண்டு. 1887 இல் சவுத்வார்க்கில் பாழடைந்த காகிதத் தொழிற்சாலை இருந்த இடத்தில் குளமும் சமுதாயக் கூடமும் கொண்ட செஞ்சிலுவைத் தோட்டத்தை உருவாக்கினார். கென்ட், சர்ரே மாவட்டங்களில் பண்டைய ஒற்றையடிப் பாதைகளை நிலக்கிழார்கள் அடைத்துவிடாமல் காக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

தேசிய அறக்கட்டளை

1880களில் டெட்போர்டில் இருந்த சேயஸ் கோர்ட் தோட்டத்தைப் பொதுமக்களுக்கு வழங்க அதன் உரிமையாளர் விரும்பினார். ஆனால் அதைப் பெற்று நிரந்தரமாக வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ள அமைப்பு எதுவும் இல்லை. பொதுநிலப் பாதுகாப்புக் கழகத்தால் வழக்காட முடிந்தது, நிலம் வைத்திருக்க முடியவில்லை. இக்குறையை நீக்க அக்கழகத்தின் வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர் நிலம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை முன்மொழிந்தார். ஏரி மாவட்டத்தைச் சேர்ந்த பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லியும் இணைய, 1895 சனவரி 12 அன்று தேசிய அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

வேல்சில் பார்மவுத் நகருக்கு மேலே உள்ள டினாஸ் ஒலே குன்றுச்சரிவு முதல் நன்கொடையாகக் கிடைத்தது. 1896 இல் ஆல்பிரிஸ்டன் ஊரின் 14 ஆம் நூற்றாண்டுக் கூரைவீடு 10 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. 1902 இல் டெர்வென்ட் ஏரிக்கரையில் பிராண்டல்ஹவ் என்னும் 108 ஏக்கர் நிலம் 6,500 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. இதற்குத் தொழில் நகரங்களின் தொழிலாளர்களும் தம்மால் இயன்ற சிறுதொகைகளை அனுப்பினர். 1907 ஆம் ஆண்டுச் சட்டம், அறக்கட்டளையின் குறிப்பிட்ட நிலங்களை விற்க இயலாதவை என அறிவிக்கும் அதிகாரத்தை அதற்கு வழங்கியது. ஒருமுறை மீட்ட வயலை மீண்டும் இழக்காதிருக்க இதுவே அடிப்படையாயிற்று.

கருத்துகளும் விமர்சனங்களும்

1877 இல் ரஸ்கின் தம் இதழில் இவரைக் கடுமையாகத் தாக்கினார். அதே ஆண்டில் உடல்நலம் குன்றிய ஆக்டேவியா நீண்ட ஓய்வெடுக்க நேர்ந்தது. தன்முயற்சியில் நம்பிக்கை வைத்திருந்த இவர், உள்ளாட்சிகள் வீடு கட்டுவதையும் அரசு முதியோர் ஓய்வூதியத்தையும் எதிர்த்தார். பொதுவாழ்வில் முன்னணியில் நின்றபோதும் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை ஆதரிக்கவில்லை. இக்கருத்துகளுக்காக இவர் விமர்சிக்கப்படுகிறார்.

இறுதிக் காலமும் நினைவும்

தம் தோழி ஹாரியட் யார்க்குடன் கென்ட் மாவட்டத்தின் குரோக்கம் ஹில் சிற்றூரில் வீடு கட்டி வாழ்ந்தார். சுற்றியிருந்த ஐட் ஹில், டாய்ஸ் ஹில், மரினர்ஸ் ஹில் ஆகிய குன்றுகளில் நிலங்கள் மக்களுக்காகக் காக்கப்பட உழைத்தார். 1912 இல் மறைந்த இவர், அவ்வூர்த் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நூறாண்டுகள் கழித்து, 2012 இல், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

விஸ்பெக்கில் இவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. ஜோன் சிங்கர் சார்ஜென்ட் 1898 இல் தீட்டிய இவரது உருவப்படம் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ளது. தேசிய அறக்கட்டளை இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் செயல்படுகிறது. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டுள்ளது. விடுமுறை நாட்களில் மக்கள் நடக்கும் கடற்கரைகளும் மலைப்பாதைகளும் பழமையான மாளிகைகளும் பலவும் அதன் பாதுகாப்பில் உள்ளன.